விட்டுப்போன நாலு இலக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பகலில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். உங்கள் நாளிதழ் எங்கள் வீட்டுக்கு வருகிறது, ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தை மட்டும் கத்தரித்து மாடியில் ஒரு கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கின வாரத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு புதிர் வந்திருந்தது. முதல் நாள் ஒரு சிப்பி பொறுக்கு, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் நாலு, இப்படியே ஒவ்வொரு நாளும் முந்தின நாளைப் போல இரண்டு மடங்கு, தடைக்காலம் 61 நாளும் முடியும்போது கையில் மொத்தம் எத்தனை சிப்பி? நல்ல புதிர், இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது எங்கள் பிள்ளைகளுக்கு நாள்காட்டியைப் பார்க்காமலே தெரியும், ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14, ஆக 61 என்று விரல் மடக்காமலே சொல்லிவிட்டார்கள். அப்பா வீட்டில் இருக்கும் நாட்கள் அல்லவா.

அடுத்த வாரம் விடை போட்டிருந்தீர்கள். 2305843009213690000. இதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாளைப் பார்த்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், இது தப்பு" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "முதல் நாள் ஒன்னு, மத்த நாள் எல்லாமே ரெட்டைப்படை, எல்லாத்தையும் கூட்டினா ஒத்தைப்படைதானே வரணும், இது எப்படிப் பூச்சியத்துல முடியும்?" என்றாள். அவ்வளவுதான். 19 இலக்க எண் ஒன்றைப் பெருக்கியும் பார்க்கவில்லை, போனையும் எடுக்கவில்லை, ஒரே வரியில் தப்பு என்று காட்டிவிட்டாள். ஐயா, அந்த நிமிடத்துக்காகத்தான் நான் ட்யூஷன் எடுக்கிறேன்.

சரியான விடை 2305843009213693951. நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 23,05,84,30,09,21,36,93,951. வாயால் சொல்வதானால் 23,058 கோடி கோடி, 43,00,921 கோடி, 36,93,951. நீங்கள் போட்டதில் கடைசி நாலு இலக்கம் 3951 என்பது 0000 ஆகிவிட்டது.

இது எப்படி நடந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் கம்பெனியிலேயே இதே தொல்லை. எக்செல் மாதிரிக் கணக்குத்தாளில் 15 இலக்கம்தான் நிற்கும், 16ஆவது இலக்கத்திலிருந்து அது தானாகப் பூச்சியம் போட்டுக்கொள்ளும், உங்களிடம் கேட்காது, சிவப்புக் கோடும் போடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீளமான வங்கிக் கணக்கு எண்களை அப்படியே தட்டி, கடைசி இலக்கம் காணாமல் போய், பணம் திரும்பி வந்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்புறம்தான் எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அதை எழுத்தாக வைத்துக்கொள்ளும் என்று கற்றுக்கொண்டேன். ஆகவே இதில் உங்கள் ஆட்களின் கவனக்குறைவை விட கருவியின் குணம்தான் பெரிது. ஆனால் விடை என்று அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது ஒரு தடவை சரிபார்த்திருக்க வேண்டும்.

இதை நான் உங்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொன்னபோது எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "இவ்வளவு பெரிய எண்ணில் நாலாயிரம் கூடக்குறைய இருந்தா என்னம்மா" என்றார். அதற்குப் பதில் போனில் சொல்ல முடியவில்லை, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கூடக்குறைய இருந்தால் பரவாயில்லாத கணக்கு எது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தினமும் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் நான். நண்டு எடை போடும்போது தண்ணீர் வடியும், ஐஸ் கரையும், கூடைக்கு இவ்வளவு என்று கழிப்போம், ஐம்பது கிராம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனால் யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் அதே நண்டுக்காரருக்குப் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் அது கொஞ்சம் குறைந்த பணம் ஆவதில்லை, வேறு ஆளின் பணம் ஆகிவிடுகிறது. எங்கள் தெருவில் ஒருவருக்கு விண்ணப்பத்தில் ஒரே ஒரு இலக்கம் தப்பாக ஏறி, தடைக்கால நிவாரணத்துக்கு அவர் ஒன்றரை மாதம் அலைந்தார், தடை முடிந்து படகு கடலுக்குப் போன பிறகுதான் பணம் வந்தது. அளவைச் சொல்லும் எண் ஒரு வகை, ஆளைச் சொல்லும் எண் இன்னொரு வகை. 2305843009213693951 இரண்டாவது வகை. அதற்கு என்று ஒரு முகம் இருக்கிறது, ஒரு வரலாறும் இருக்கிறது, இரண்டும் அந்த 3951 இல்லாமல் கிடையாது.

அது ஒரு பகா எண். 1, தான், இந்த இரண்டைத் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. நீங்கள் போட்ட எண்ணோ 10,000ஆல் வகுபடும்.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது நம்பவில்லை. நம்பவும் கூடாது, கணக்கில் மிஸ் சொன்னார் என்பதெல்லாம் ஒரு காரணமா. அதனால் முதலில் எண்ணையே கையால் உண்டாக்குவோம் என்று ஆரம்பித்தோம். கம்பெனியில் வீணான பில் புத்தகத் தாள்களின் பின்பக்கத்தில், ஆளுக்குப் பத்துத் தடவை இரட்டிப்பது, ஆறு பேர், கடைசி ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து. பத்தில் 1024, இருபதில் 10,48,576, முப்பதில் 107,37,41,824. கச்சான் காற்று மாடியில் தாளைப் பறக்கடிக்கும், ஆளுக்கொரு கல்லை வைத்துக்கொண்டு எழுதினார்கள்.

நாற்பத்தேழாவது இரட்டிப்பில் ஒரு பையன் தப்பு பண்ணினான். அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். 2, 4, 8, 16, 32, 64 என்று போகும் எண்களின் இலக்கங்களைக் கூட்டி, அதையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு எண்கள் சுற்றிச்சுற்றி வரும், எவ்வளவு தூரம் போனாலும் மாறாது. 47ஐ 6ஆல் வகுத்தால் மீதி 5, ஆகவே ஐந்தாவது இடத்து எண், அதாவது 5 வரவேண்டும். பையனுக்கு 4 வந்தது. ஒன்று குறைகிறது என்றால் எங்கேயோ ஒரு 1ஐ மனதில் வைத்துக் கூட்ட மறந்திருக்கிறான் என்று அர்த்தம், வலப்பக்கத்திலிருந்து தேடிக்கொண்டே போனால் அந்த இடம் அகப்பட்டது. சரியானது 140737488355328, இலக்கங்களைக் கூட்டினால் 68, பிறகு 14, பிறகு 5. கீழே வாசலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த அவன் அப்பா மேலே வந்து பார்த்துவிட்டு, "இது கண்ணி எண்ற மாதிரில்ல இருக்கு, ஒரு கண்ணி விட்டா ஓரத்துல வந்து காட்டிக்குடுத்துரும்" என்றார். எனக்கு இதை விட நன்றாகச் சொல்லத் தெரியாது.

நாலு சாயங்காலம் ஆனது. கடைசியில் 2305843009213693952 வந்தது, அதில் 1 கழித்தால் நம் விடை. ஏன் 1 கழிக்கிறோம் என்பதும் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்: மூன்று நாள் சிப்பியைக் கூட்டினால் 7, நாலாம் நாள் எடுப்பது 8. நாலு நாள் கூட்டினால் 15, ஐந்தாம் நாள் 16. எப்போதும் கையில் இருப்பதை விட நாளைக்கு எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று கூடுதல். ஆக 61 நாள் மொத்தம் என்பது 2ஐ 61 தடவை பெருக்கி ஒன்று கழித்தது. மொத்தங்களின் கடைசி இலக்கம் 1, 3, 7, 5 என்று நாலு நாளுக்கு ஒரு சுற்று. 61ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 1இல் முடிய வேண்டும், முடிகிறது. இருபது நாளுக்கு ஒரு தடவை கடைசி இரண்டு இலக்கமும் திரும்ப வரும்: 21ஆம் நாள் 20,97,151, 41ஆம் நாள் 2199023255551, 61ஆம் நாளும் அதே 51. உங்கள் பக்கத்தைத் தயார் செய்தவர் இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்திருந்தால் போதும்.

இப்போது பகா எண் விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017க்கு முன்னால் தடைக்காலம் 45 நாள்தான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதே புதிரை அந்த 45 நாளுக்குப் போட்டால் விடை 35184372088831. இது பகா எண் இல்லை என்று வகுத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 45 நாளை மூன்று மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் 1, 2, 4, மொத்தம் 7. அடுத்த மூன்று நாள் 8, 16, 32, மொத்தம் 56, அது 7இன் எட்டு மடங்கு. அடுத்ததும் 7இன் மடங்கு, அதற்கடுத்ததும். 15 கட்டு, ஒவ்வொரு கட்டும் 7ஆல் வகுபடும், ஆகவே மொத்தமும் வகுபடும். வகுத்தால் 5026338869833 வரும். அதே மாதிரி ஐந்து ஐந்து நாளாகக் கட்டினால் 31ஆல் வகுபடுவது தெரியும். 61ஐ இப்படிக் கட்ட முடியாது, அதுவே பகா எண், இரண்டிரண்டாகவோ மூன்று மூன்றாகவோ கட்டினால் ஒரு நாள் தனியாக நிற்கும், வேறு எப்படிக் கட்டினாலும் ஏதாவது மிஞ்சும். அரசாங்கம் இதை நினைத்து 61 என்று வைக்கவில்லைதான், ஆனாலும் எங்கள் கடற்கரைக்கு வந்து சேர்ந்த எண் இது, அதில் எனக்குச் சந்தோஷம்.

ஒரு நாள் தனியாக நிற்கிறது என்றேனே, அதனால் வரும் வேடிக்கையைப் பாருங்கள். மீதி 60 நாள் இருக்கிறது, 60 எத்தனையோ விதமாகக் கட்டக்கூடிய எண். முதல் நாளின் ஒரு சிப்பியைத் தனியாக வைத்துவிட்டு மற்ற 60 நாள் சிப்பியையும் பார்த்தால் அது 3, 5, 7, 9, 11, 13 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும், 31, 41, 61ஆலும் கூட. ஆகவே நம் எண்ணை இதில் எதால் வகுத்தாலும் மீதி அந்த முதல் நாள் சிப்பி, 1. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு எண்ணாக எடுத்து நீள்வகுத்தல் போட்டார்கள். ஒவ்வொருவராக "மிஸ், ஒன்னு", "எனக்கும் ஒன்னு", "எனக்கும்" என்று கத்தினது கீழ்த் தெரு வரைக்கும் கேட்டது.

ஆனால் நாள் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 நாள் சிப்பி 2047. 11 பகா எண், 2047 பகா எண் இல்லை, 23 பெருக்கல் 89. அந்த 23ஐயும் 89ஐயும் உற்றுப் பாருங்கள்: 23 என்பது 22இல் 1 கூட்டினது, 89 என்பது 22இன் நாலு மடங்கில் 1 கூட்டினது, 22 என்பது 11இன் இரட்டை. இது தற்செயல் இல்லை, 3, 5, 7, 11 மாதிரி ஒற்றைப்படையான பகா எண் எந்த நாள் கணக்காக வந்தாலும் இந்த விதி பொருந்தும். ஆக 61 நாள் எண்ணை வகுக்கக்கூடிய எண் ஏதாவது இருந்தால் அது 122இன் மடங்கில் 1 கூட்டினதாகத்தான் இருக்க வேண்டும். கூடவே 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும் என்று இன்னொரு வடிகட்டியும் உண்டு. 123 போயிற்று, அது 3ஆல் வகுபடும். 245 போயிற்று. முதலில் உண்மையாகவே வகுத்துப் பார்க்க வேண்டியது 367. வகுத்தோம், மீதி 82. அடுத்தது 977. இப்படி எதுவரை போகவேண்டும் என்றால் வர்க்கமூலம் வரை, அதாவது 151 கோடியே 85 லட்சம் வரை. வடிகட்டின பிறகும் வகுக்க வேண்டிய பகா எண்கள் ஆறு லட்சத்துக்கு மேல் இருக்கும். ஒரு நாளைக்கு நூறு என்று வகுத்தாலும் பதினாறு வருஷத்துக்கு மேல்.

வேறு வழி ஒன்று இருக்கிறது. எட்வார்ட் லூகாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1870களில் கண்டுபிடித்து, லெமர் என்ற அமெரிக்கர் 1930இல் சீர்செய்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் வழி என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். 4இல் ஆரம்பியுங்கள். அதை அதாலேயே பெருக்கி 2 கழியுங்கள். வந்ததை நாம் சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி அதாலேயே பெருக்கி 2 கழித்து, மறுபடி மீதி. நாள் எண்ணிக்கையில் இரண்டு குறைவான தடவை இதைச் செய்த பிறகு மீதி பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

ஏழு நாள் சிப்பி 127, அதைச் சோதிப்போம், ஐந்து தடவை. 4 நாலு 16, 2 கழித்தால் 14. 14ஐ 14ஆல் பெருக்கி 2 கழித்தால் 194, மீதி 67. 67ஐ 67ஆல் பெருக்கி 2 கழித்தால் 4487, மீதி 42. அதிலிருந்து 1762, மீதி 111. 111ஐ 111ஆல் பெருக்கினால் 12321, 2 கழித்தால் 12319, அது 127இன் சரியாக 97 மடங்கு. மீதி 0. அன்றைக்குக் கரும்பலகையில் அந்தப் பூச்சியம் வந்தபோது யாரும் பேசவில்லை. 2047க்கு இதையே ஒன்பது தடவை போட்டால் கடைசியில் 1736இல் நிற்கும், பூச்சியம் வராது. அந்த முறை 2047ஐ எது வகுக்கும் என்று சொல்லாது, வகுபடும் என்று மட்டும் உறுதியாகச் சொல்லும். அது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான், பி.எஸ்சி. படித்த நாளிலிருந்து.

61 நாள் எண்ணுக்கு 59 தடவை செய்ய வேண்டும். 19 இலக்க எண்ணை 19 இலக்க எண்ணால் பெருக்கி, 37 இலக்கம் வரை வருவதை மறுபடி வகுத்து, 59 தடவை. ஆறு லட்சத்துக்கு எதிரே 59. லீவு முடிவதற்குள் முடிக்கிறோம் என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள், ஒன்பதாவது தடவை வரை வந்திருக்கிறார்கள்.

இதன் வரலாற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணை ஏற்கெனவே ஒரு தடவை விட்டுவிட்டிருக்கிறார்கள். 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 2ஐ இத்தனை தடவை பெருக்கி 1 கழித்தால் பகா எண் வரும் என்று 257 வரை ஒரு பட்டியல் வெளியிட்டார். இந்த வகை எண்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தப் பட்டியலில் 31 இருந்தது, 67 இருந்தது, 61 இல்லை. 67 தப்பு: 1903இல் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2ஐ 67 தடவை பெருக்கி 1 கழித்தது 193707721 பெருக்கல் 761838257287 என்று காட்டினார். 61ஐ மெர்சென் விட்டது தப்பு என்று 1883இல் காட்டியவர் இவான் பெர்வூஷின், ரஷ்யாவில் யூரல் மலைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாதிரியார். கால்குலேட்டர் இல்லாத காலம், தாளும் பேனாவும்தான். அப்போது உலகத்தில் தெரிந்திருந்த பகா எண்களில் இதை விடப் பெரியது ஒன்றே ஒன்று. இதை அவர் பெயரால் பெர்வூஷின் எண் என்றே சொல்வார்கள். பங்குச் சாமியார் ஒருவர் ஜெபம் முடிந்து விளக்கு வெளிச்சத்தில் 19 இலக்க எண்ணோடு உட்கார்ந்திருந்தார் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளால் சுலபமாகக் கற்பனை பண்ண முடிகிறது, ஊரில் கோயிலும் பங்கு வீடும் அவர்கள் தினமும் பார்ப்பது.

ஒருவர் 240 வருஷம் கழித்து மீட்டுக்கொண்டு வந்த எண்ணை நாம் பூச்சியம் போட்டு அழித்துவிடக் கூடாது, ஐயா.

இதனால் என்ன பிரயோஜனம் என்று ஒரு அப்பா கேட்டார், நியாயமான கேள்விதான். பைத்தான் என்று ஒரு கணினி மொழி இருக்கிறது, இப்போது பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைகள் பலர் கற்பது அது. அதற்குள்ளே எண்களைச் சுருக்கி அடையாளம் வைத்துக்கொள்ளும் வேலைக்கு இன்றைய 64 பிட் கணினிகளில் இதே 2305843009213693951ஆல் வகுத்து மீதி எடுக்கிறார்கள். வேறு எண்ணை ஏன் எடுக்கவில்லை என்றால், இது பகா எண் என்பதால் மீதிகள் நன்றாகப் பரவி விழும், 2இன் அடுக்கை ஒட்டி இருப்பதால் கணினிக்கு மீதி எடுப்பதும் லேசு. இரண்டுக்கும் அந்தக் கடைசி 1 வரை வேண்டும். போன வருஷம் கல்லூரிக்குப் போன என் பழைய மாணவன் லீவில் வந்தபோது இதைச் சொல்லி, தன் லேப்டாப்பில் தட்டியும் காட்டினான். இதே குடும்பத்து எண்தான் 2024 அக்டோபரில் அதுவரை உலகத்தில் தெரிந்ததிலேயே ஆகப் பெரிய பகா எண் என்று கண்டுபிடிக்கப்பட்டதும்: 2ஐ 13,62,79,841 தடவை பெருக்கி 1 கழித்தது. அதற்கு 4,10,24,320 இலக்கம்.

இன்னொன்று மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கான பக்கங்களில் பெரிய எண் வந்தாலே "எண்ணிலடங்காத", "கற்பனைக்கு எட்டாத" என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள், இந்தப் புதிரின் விடைக்குக் கீழேயும் அப்படித்தான் இருந்தது. எண்ணில் அடங்கித்தானே இருக்கிறது, 19 இலக்கத்தில். பெரிய எண்ணைக் கண்டு நம் ஆட்கள் பயந்ததில்லை. பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று வரிசையாக வரும் பேரெண்களின் பெயர்களைப் பாருங்கள், எல்லாமே தண்ணீரில் இருந்து எடுத்தவை. அதில் சங்கு இந்தக் கடலில் முத்துக்குளிக்கிற மாதிரியே மூச்சடக்கி இறங்கி எடுத்த பொருள். இப்படிப் பெயர் வைக்கத் தெரிந்த மொழியில் எழுதுகிற நாம், ஒரு எண்ணை முழுசாக அச்சிட்டு, இது எதால் வகுபடும், எதால் வகுபடாது, ஏன் என்று நாலு வரி எழுதினால் பிள்ளைகள் படிப்பார்கள். நான் தினமும் பார்க்கிறேன், படிக்கிறார்கள். மல்லிகை நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற வழியில் 367இன் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போகிற பிள்ளையை என் கண்ணால் பார்த்தேன்.

அதனால் என் கோரிக்கை இரண்டுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே சிறுவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தம் போடுங்கள். எண்ணை இரண்டு வரியாக உடைக்காமல் ஒரே வரியில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், 19 இலக்கம் உங்கள் பத்தி அகலத்துக்குள் அடங்கும், அளந்து பார்த்துவிட்டேன். முடிந்தால் பெர்வூஷின் பெயரையும் ஒரு வரி சேருங்கள். இரண்டாவது, இனிமேல் 15 இலக்கத்துக்கு மேல் எந்த எண் வந்தாலும் கணக்குத்தாளில் இருந்து எடுத்துப் போடாமல் ஒரு ஆளைக் கையால் சரிபார்க்கச் சொல்லுங்கள், கடைசி இலக்கத்தைப் பார்ப்பதும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை. ஆள் இல்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், எங்கள் மாடியில் ஆறு பேர் இருக்கிறார்கள்.

தப்பைக் கண்டுபிடித்த பிள்ளை தன் நோட்டில் இடதுபக்கம் உங்கள் பழைய விடையைக் கத்தரித்து ஒட்டி, கடைசி நாலு பூச்சியத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வலதுபக்கத்தைத் திருத்தம் வரும் என்று காலியாக விட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து வாசகி